சபையோடு பதிந்த இசை

இசைத்தட்டுகளில் இருவகை உண்டு. கலைஞர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தினுட் புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பிழை நேர்ந்தவிடத்து மீண்டும் வாசித்து, மனநிறைவு உண்டாகும்வரை திருத்தித் திருத்தி அமைப்பது ஒருவகை. மக்கள் கூடியிருக்கும் மண்டபத்திலே நிகழும் கச்சேரியை நிகழ்ந்தவாறே பிடித்துவைப்பது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையைக் குறிக்க மேனாட்டார் 'உயிருள்ளது' என்னும் பொருள்படும் சொல்லை வழங்குகின்றனர். ஹங்கேரி நாட்டிலே பெரும்புகழ் பெற்ற ஒமேகா என்னும் ரொக் இசைக் குழுவினர் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட தட்டு ஒன்றின் பெயரைத் தமிழாக்கினால் 'உயிருள்ள ஒமேகா' என்றே அமையும்.

அங்ஙனமாயின், கூடத்திற் பதிந்த இசை உயிரற்றதோ என்று வாசகர் வினவலாம். எம்மிடம் பயிலும் மாணவர் சிலரும் இதனையே வினவினர். அவர்கள் நாள்தோறும் செவிமடுப்பவை பெரும்பாலும் கூடத்திற் பதிந்த பாடல்களே. அவற்றில் இருமல் இல்லை, கதிரை நகரும் ஓசை இல்லை, சுருதி சேர்க்கும் நேரம் இல்லை. எல்லாம் துடைத்து வைத்த குத்துவிளக்குப் போன்று துலங்குகின்றன. கச்சேரிப் பதிவோ அப்படியன்று. கைதட்டல் குறுக்கிடுகின்றது, ஒரு வாத்தியத்தின் ஒலி மற்றொன்றின்மீது வழிந்து விழுகின்றது. இத்துணைக் குறைகளையும் பொறுத்துக்கொண்டு அதனைக் கேட்பதால் ஆவதென்ன என்பது அவர்களின் கேள்வி.

நல்ல கேள்விதான். இதற்கு விடை கூற, நாம் ஒரு குறிப்பிட்ட தட்டினை எடுத்துக்கொள்ள விரும்புகின்றோம். தமிழ்க் கலைஞர் மூவர் மேனாட்டுக் கலைஞர் ஒருவரோடு அமர்ந்து வாசித்த கச்சேரி அது. அம்மூவருள் ஒருவர் தமது பிள்ளைப் பருவத்தை எமது இலங்கைத் தீவிலே கழித்தவர். அத்தட்டினைப் பற்றிக் கூறுமுன், தட்டு என்பது எவ்வளவு இசையைத் தாங்கவல்லது என்பதைச் சிறிது நோக்குவோம்.

மூன்று நிமிடக் கலை

இந்தியாவில் முதன்முதல் வணிகத்துக்கென இசைத்தட்டுப் பதிவு நிகழ்ந்தது 1902-ஆம் ஆண்டில், கல்கத்தாவில். கௌஹர் ஜான் என்னும் பாடகி அப்போது பாடினார். பாடி முடித்ததும் தமது பெயரை ஆங்கிலத்திலே உரக்கக் கூறினார். ஜெர்மனியிலிருந்த தொழிற்சாலையில் தட்டு அச்சாகும்போது யார் பாடியது என்று அறிந்து பெயரொட்ட அது உதவிற்று. அக்காலத்துத் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழல்வது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், பெரிய தட்டாயின் நான்கு நிமிடம், இவ்வளவே இடம். ஒரு மணி நேரம் விரித்துப் பாடவல்ல வித்துவான்கள் ஆலாபனையை அரை நிமிடத்திலும், கீர்த்தனையை இரண்டு நிமிடத்திலும், சுரத்தை எஞ்சிய நொடிகளிலும் அடக்கிப் பாடக் கற்றுக்கொண்டனர். அது ஓர் அருங்கலையே. ஆயினும், குடத்துள் அடக்கிய வாவியைப் போன்றது அது.

1948-ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீள்தட்டினை அமெரிக்காவில் வெளியிட்டது. வரிப்பள்ளங்கள் நுண்ணியவையாயின, சுழற்சியும் மெதுவாயிற்று, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலாகவும் இசை அடங்கிற்று. இதன் பின்னரே கச்சேரியைக் கச்சேரியாகவே தட்டில் ஏற்றுதல் இயல்வதாயிற்று. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையிலும், 1977-இல் நியூயோர்க் நகரத்துக் கார்னகி மண்டபத்திலும் பாடிய கச்சேரிகள் அவ்வாறு தட்டுகளாக எமக்குக் கிடைத்தவையே. ஐக்கிய நாடுகள் சபையில் அம்மையாருக்குக் கடம் வாசித்தவர் 'விக்கு' விநாயகராம். அவரை இன்னும் சற்று நேரத்தில் வேறொரு மேடையிலே சந்திப்போம்.

ஐவர் அமர்ந்த மேடை

1975-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5-ஆம் நாள். நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டிலுள்ள சவுத்ஹாம்ப்டன் கல்லூரி. அங்கு நிகழ்ந்த கச்சேரி 1976-இல் கொலம்பியா நிறுவனத்தாரால் நீள்தட்டாக வெளியிடப்பெற்றது. குழுவின் பெயர் 'சக்தி'. தட்டின் பெயரும் அதுவே; உடன் ஜோன் மக்லோக்லின் என்பவரது பெயரும் சேர்ந்திருந்தது.

ஜோன் மக்லோக்லின் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர்ப் பகுதியில் 1942-இல் பிறந்தவர்; கிற்றார் வாத்தியக்காரர். அமெரிக்க ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவுகளில் 1969 முதற் பங்குகொண்டவர். பின்னர் வங்காளத்திற் பிறந்து நியூயோர்க்கில் வாழ்ந்த ஸ்ரீ சின்மோயைக் குருவாகக் கொண்டு, அவர் அளித்த 'மகாவிஷ்ணு' என்னும் பெயரால் ஒரு வாத்தியக் குழுவை 1971-இல் நிறுவினார். மின்சாரக் கிற்றாரும் பெருமுரசுகளும் இடிபோல் முழங்கிய குழு அது. ஆயிரக்கணக்கான இளைஞர் அதனைக் கேட்கத் திரண்டனர். 1973-இல் நியூயோர்க் சென்ட்ரல் பூங்காவில் அக்குழு வாசித்த கச்சேரியும் தட்டாக வெளிவந்தது. அத்தகையவர், புகழின் உச்சியில் நின்றபோதே மின்சாரத்தை விடுத்து, மரக் கிற்றாரை மடியில் ஏந்தித் தரையிலே சம்மணமிட்டு அமர்ந்தார். காரணம் வேறொன்றுமில்லை. வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலே கலாநிதி எஸ். இராமநாதனிடம் வீணை கற்கத் தொடங்கியிருந்தார். கருநாடக இசையின் கமகமும் லயக்கணக்கும் அவரைப் பிணித்துவிட்டன.

அவரோடு அமர்ந்தோர் நால்வர். வயலின் வாசித்தவர் எல். சங்கர். மிருதங்கம் வாசித்தவர் வெஸ்லியனில் ஆசிரியராகவிருந்த இராமநாதபுரம் வி. இராகவன்; பாடகர் இராமநாதபுரம் கிருஷ்ணனின் உடன்பிறந்தவர். கடம் வாசித்தவர் நாம் முன்னர்க் குறித்த விநாயகராம். மக்லோக்லின் பிறந்த அதே 1942-இல் பிறந்தவர். தபலா வாசித்தவர் அல்லா ரக்காவின் மைந்தர் சாகிர் ஹுசைன். அன்று அவருக்கு வயது 24. வடநாட்டுத் தபலாவும் தென்னாட்டு மிருதங்கமும் கடமும் ஒரே மேடையில், யாருக்கும் பக்கவாத்தியமாக அன்றி ஒத்த உரிமையோடு அமர்ந்தமை அக்காலத்துக்குப் புதுமை.

மேனாட்டு ரசிகர் திகைத்தனர் என்றால் வியப்பில்லை. இடிமுழக்கத்தைத் தேடி வந்தவருக்கு மண்பானையின் ஓசை கிடைத்தது. மகாவிஷ்ணு குழுவின் தட்டுகளைப் போன்று இத்தட்டு விற்பனையாகவில்லை. ஆயினும் அரைநூற்றாண்டு கழிந்த பின்னரும் உலகெங்கும் இசை பயில்வோர் இதனைத் தேடிக் கேட்கின்றனர்.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற வில்

எல். சங்கரைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அவருடைய தந்தையார் வி. லட்சுமிநாராயணன் சிறந்த வயலின் வித்துவான். அவர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வாழ்ந்தார். தாயார் சீதாலட்சுமியும் இசை வல்லவர். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் என்னும் சகோதரர் மூவரும் தந்தையிடமே வயலின் பயின்றனர். மூத்தவரான வைத்தியநாதன் பிற்காலத்தில் திரைப்படங்களுக்கு இசையமைத்தார். தொலைக்காட்சியில் வந்த 'மால்குடி டேய்ஸ்' தொடரின் இசை அவருடையது. சுப்பிரமணியம் உலகப் புகழ் பெற்ற வயலின் வித்துவானானார்.

1958-ஆம் ஆண்டின் இனக்கலவரம் இந்நாட்டைத் தீய்த்தது. லட்சுமிநாராயணன் குடும்பத்தார் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்குச் சென்றனர். அப்போது சங்கருக்கு எட்டு வயது. அங்கிருந்து பதினொரு ஆண்டுகளின் பின் மேற்படிப்பின் பொருட்டு அமெரிக்கா சென்றார். வெஸ்லியனில் இனவிசையியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கேயே மக்லோக்லினின் நட்பும் வாய்த்தது.

யாழ்ப்பாணத்து வீடொன்றிலே சாதகம் செய்த சிறுவனின் வில், பதினேழு ஆண்டுகள் கடந்து லோங் ஐலண்டில் ஒலித்தது. அந்நாட்டு மாணவர் அதனைக் கேட்டுக் கைதட்டினர். அக்குடும்பம் யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருப்பின் எத்தனை பிள்ளைகள் அவர்களிடம் கற்றிருப்பர், எத்தனை கோயில் வீதிகளில் அவ்வயலின் ஒலித்திருக்கும் என்பதை யார் கணக்கிட வல்லார்? கலவரத்தில் எரிந்த வீடுகளை எண்ணியவர் உண்டு. அகன்ற இசையை எண்ணியவர் இலர். அந்த இழப்பிலிருந்து எமக்குத் திரும்பக் கிடைத்தது இத்தகைய தட்டுகளே. இந்தத் தட்டினை மாணவருக்கென நாம் தேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்ட மாலை

ஒரு சனிக்கிழமை மாலை, தன்னாமுனையிலுள்ள எமது இல்லத்தில் மாணவர் எண்மர் கூடினர். வாவியிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. சிறிய ஒலிபெருக்கி ஒன்றின்மூலம் தட்டு முழுவதையும் இடைநிறுத்தாது கேட்பதென்று முடிவு செய்தோம். கைப்பேசிகளை ஒரு தட்டத்தில் வைக்கச் சொன்னோம். அவர்களுக்கு அது கடினமாகத்தான் இருந்தது.

தட்டில் உருப்படிகள் மூன்றே. முதலாவதற்கு 'மகிழ்ச்சி' என்று பொருள்படும் பெயர், பதினெட்டு நிமிடம். தொடங்கும்போதே வயலினும் கிற்றாரும் ஒன்றாய்ச் சேர்ந்து அதிவேகத்தில் ஓடுகின்றன. எது வில், எது விரல் என்று பிரித்தறிய இயலாதபடி இரண்டும் ஒரே குரலாக ஒலிக்கின்றன. பின்னர் ஒருவர் கேட்க மற்றவர் விடை கூறுவது போன்று வாசிப்பு மாறுகின்றது. இரண்டாவது 'தாமரைப் பாதம்'. ஐந்து நிமிடத்துக்குக் குறைவு. தாலாட்டுப் போன்று அமைதியானது. மூன்றாவது ஏறத்தாழ இருபத்தொன்பது நிமிடம். அதன் பெயரே ஒரு நீண்ட வாக்கியம்: இது எனக்கு எதற்கு, அது எனக்கு எதற்கு, என் இறைவன் திருவடியில் ஆடுகின்றேன், எல்லாம் ஆனந்தம், எல்லாம் ஆனந்தம் என்பது அதன் கருத்து. நீள்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அவ்வொன்றே நிரப்பிவிட்டது. மூன்று நிமிடத் தட்டிலிருந்து நாம் எத்துணைத் தூரம் வந்துவிட்டோம் என்பதற்கு இது சான்று.

முதல் உருப்படியின் பாதியிலே மாணவன் ஒருவன், "சேர், இது எப்ப முடியும்?" என்றான். நாம் விடை கூறவில்லை. பதினைந்தாம் நிமிடமளவில் அவன் விரல்கள் தாமாகவே பாயில் தாளமிடத் தொடங்கியதைக் கண்டோம். மூன்றாவது உருப்படியில் தாளவாத்தியங்கள் ஒன்றோடொன்று உரையாடும்போது எவரும் பேசவில்லை. முடிந்ததும் லோங் ஐலண்டுச் சபையினர் தட்டில் ஆர்ப்பரித்தனர். எமது பாயிலிருந்த எண்மரும் அவர்களோடு சேர்ந்து கைதட்டினர். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி அந்த ஒரு நொடியில் இல்லாதொழிந்தது.

அதன் பின்னரே, அவர்கள் எழுப்பிய வினாவுக்கு நாம் விடை கூறினோம். கூடத்தில் வாசிப்பவர் தமக்குத் தாமே வாசிக்கின்றார். பிழைத்தால் மீண்டும் வாசிப்பார். ஒருவர் இன்று வாசித்ததன்மீது மற்றவர் நாளை வாசித்துச் சேர்ப்பதும் உண்டு. மேடையில் அவ்வாறு இயலாது. விநாயகராம் ஒரு கோர்வையை எடுத்தால், சாகிர் ஹுசைன் அந்தக் கணத்திலேயே அதனை விளங்கி விடை கொடுத்தல் வேண்டும். தவறினால் சபையறியத் தவறுதலே. இவர் மற்றவருக்குச் செவிகொடுக்கின்றார். சபை இருவருக்கும் செவிகொடுக்கின்றது. சபையின் அமைதியைக் கலைஞரும் செவிமடுக்கின்றனர். கச்சேரிப் பதிவில் வாசிப்பு மாத்திரமன்றி, இந்தச் செவிமடுத்தலும் சேர்ந்தே பதிவாகின்றது. கூடத்துத் தட்டிலே தேடினும் கிடைக்காத பொருள் இதுவே. இதனையே மேனாட்டார் உயிர் என்றனர் போலும்.

மட்டக்களப்பில் வாழும் எமக்கு இது புரிவது அரிதன்று. கல்லடிப் பாலத்தருகே நிலாக்காலத்து இரவில் மீன்பாட்டைக் கேட்க விழைவோர் தோணியிற் சென்று, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியைக் காதோடு பொருத்துவர். தோணியில் எவரும் அசையார், எவரும் பேசார். அந்த அமைதி இல்லையேல் அவ்வொலியும் இல்லை. கச்சேரிப் பதிவிலே ஒலிவாங்கி செய்யும் தொழிலும் அத்துடுப்பின் தொழிலே.

இது எம்மிசையா?

எம்முடைய முதிய நண்பர் ஒருவர், கருநாடக இசையில் ஆழ்ந்த பற்றுடையவர், இத்தட்டினைக் கேட்டுவிட்டு, "பாலும் மோரும் கலந்தாற் போலிருக்கின்றது" என்றார். கிற்றாருக்கும் கடத்துக்கும் என்ன உறவு என்பது அவர் வாதம். அது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. இரண்டு மரபுகளை மேலோட்டமாகக் கற்றுக் கலந்தவர்கள் பலர். அக்கலவையில் இரண்டும் கெட்டதையும் கண்டுள்ளோம்.

ஆயினும் இங்கே நிகழ்ந்தது வேறு. மக்லோக்லினுக்கென அமைந்த கிற்றாரைப் பாருங்கள். அதன் ஒலித்துளையின் குறுக்கே, சுருதி நின்று ஒலிப்பதற்கென ஏழு கூடுதல் தந்திகள் பூட்டப்பெற்றன. மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பெற்றது. ஏன்? வீணையிலே தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது போன்று கிற்றாரிலும் பிடிக்கவேண்டும் என்பதற்காக. எமது இசையை அவர் தமது கிற்றாருக்கேற்ப மாற்றினாரல்லர். தமது கிற்றாரை எமது இசைக்கேற்ப மாற்றினார். குழுவின் அடுத்த தட்டில் ஓர் உருப்படி வாயாற் சொல்லும் கொன்னக்கோலுடனேயே தொடங்குகின்றது. விநாயகராமோடு சேர்ந்து அச்சொற்கட்டினைச் சொல்பவர் மக்லோக்லினே. யோர்க்‌ஷயரில் பிறந்தவர் ததிங்கிணதோம் பயின்றார் என்பது சிறிய செய்தியன்று.

எம் நண்பருக்கு இவ்விடை முழுநிறைவு தரவில்லை. "கடம் மட்டும் மிக நன்று" என்று கூறிச் சென்றார். அவர் அவ்வளவு ஒப்புக்கொண்டதே பெரிது.

எமது களரி

தட்டு முடிந்த அந்த மாலையில், தபலாவைப் பற்றியோ கிற்றாரைப் பற்றியோ மாணவர் மேலும் வினவுவர் என எதிர்பார்த்திருந்தோம். அவர்களுள் ஒருவன், இதுவரை வாய் திறவாதிருந்தவன், தட்டத்திலிருந்து தன் கைப்பேசியை எடுத்து எம்மிடம் நீட்டினான். அவனுடைய பாட்டனார் வடமோடிக் கூத்தின் அண்ணாவியார். இரண்டாண்டுகளுக்கு முன் காலமானவர். அவர் மத்தளம் அடித்த காட்சி அக்கைப்பேசியில் நாற்பது நொடி இருந்தது. நன்றாகவே இருந்தது. வரவுத் தாளம் தொடங்கி, கூத்தர் களரிக்குள் ஆடிவரும் முன்னரே அது அறுந்துவிட்டது. "இவ்வளவுதான் சேர் இருக்கு" என்றான்.

இரவு தொடங்கி விடியும்வரை ஆடும் கூத்து அது. வட்டக்களரியைச் சுற்றிப் பாய் விரித்து ஊரே அமர்ந்திருக்கும். பிள்ளைகள் உறங்கி விழிப்பர். சல்லரி ஒலிக்கும், அண்ணாவியார் பாடிக் கொடுக்க, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர், கூத்தர் களைத்தால் சபை கூவி ஊக்கும். 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு இக்கூத்துகளை மேடைக்கேற்பச் சுருக்கி அரங்கேற்றியதால் நாடறிய அவை மதிப்புப் பெற்றன. அது மாபெரும் பணி. ஆயினும் ஊர்க் களரியில் விடியும்வரை ஆடியதை விடியும்வரையே பதிந்துவைத்த பதிவுகள் எத்தனை? போர் ஆண்டுகளில் எத்தனையோ அண்ணாவிமார் மறைந்தனர். எத்தனையோ ஊர்களில் களரியே எழவில்லை. 2004-ஆம் ஆண்டின் கடல்கோள் கரையோர ஊர்களில் எஞ்சிய ஏடுகளையும் கொண்டு சென்றது.

இன்று கருவிக்குக் குறைவில்லை. சவுத்ஹாம்ப்டன் கல்லூரிக் கச்சேரியைப் பதிவதற்குப் பெரிய நிறுவனமும் நாடாப் பொறிகளும் வேண்டியிருந்தன. இன்று ஒவ்வொரு மாணவன் சட்டைப்பையிலும் ஒரு பதிவுக் கருவி இருக்கின்றது. கருவி பெருகியது, பதிவோ நாற்பது நொடியாகக் குறுகியது. கௌஹர் ஜானின் காலத்துத் தட்டாவது மூன்று நிமிடம் தாங்கிற்று! அன்று குறுக்கியது கருவியின் வலுவின்மை. இன்று குறுக்குவது எமது பொறுமையின்மை.

ஆதலால் மாணவரிடம் நாம் ஒரு வேண்டுகோள் விடுத்தோம். வாசகர் குடும்பத்தாருக்கும் அதனையே கூறுகின்றோம். உங்கள் ஊரிலே கூத்து நிகழும்போது, கோயிலில் உடுக்கடித்துக் காவியம் பாடும்போது, கண்ணகி அம்மன் குளிர்த்தி நடைபெறும்போது, அல்லது உங்கள் பாட்டி பழைய தாலாட்டுப் பாடும்போது, உரியவர்களின் அனுமதி பெற்றுத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பதிவு செய்யுங்கள். கைப்பேசியை ஓரிடத்தில் அசையாது வையுங்கள். பாடுபவரின் வாயருகே கொண்டுசென்று சபையின் ஒலியை விலக்கிவிட வேண்டாம். இடையே நாய் குரைத்தாலும், குழந்தை அழுதாலும், யாரேனும் தேநீருக்கு அழைத்தாலும் நிறுத்தாதீர்கள். அவையும் அந்த இரவின் பகுதியே. முடிந்ததும் நாள், இடம், பாடியவர், மத்தளம் அடித்தவர், சல்லரி போட்டவர் யாவரின் பெயரையும் உங்கள் குரலிலேயே சொல்லிப் பதியுங்கள். பின்னர் ஒரு பிரதியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். ஒரே வீட்டில் இருப்பது ஒரே வெள்ளத்தில் அழியும்.

இதற்குப் பணச்செலவு மிகச் சிறிது. ஓர் இரவு உறக்கம் கெடும், அவ்வளவே.

எஞ்சி நிற்பது

சக்திக் குழு 1978-அளவிற் கலைந்தது. இருபதாண்டுகளின் பின் மக்லோக்லினும் சாகிர் ஹுசைனும் மீண்டும் ஒன்றுகூடிப் புதியவர்களோடு அதனைத் தொடர்ந்தனர். விநாயகராமின் மைந்தர் செல்வகணேஷ் தந்தை அமர்ந்த இடத்திலே கஞ்சிராவோடு அமர்ந்தார். சங்கர் மகாதேவன் பாடினார். கணேஷ் இராஜகோபாலன் வயலின் வாசித்தார். இவர்கள் 2023-இல் வெளியிட்ட தட்டுக்கு 2024 பெப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் சாகிர் ஹுசைன் காலமானார். மிருதங்கம் வாசித்த இராகவன் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டார்.

ஆயினும் தட்டினைச் சுழற்றினால், அந்த ஜூலை மாலையில் இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர், தம்மிலும் மூத்த மிருதங்க வித்துவானின் கையைக் கூர்ந்து நோக்கி, அவர் தீர்மானத்தை எதிர்கொள்ள ஆயத்தமாகும் அந்தச் சிறு இடைவெளி இன்றும் கேட்கின்றது. அவ்விடைவெளியில் ஒலி எதுவுமில்லை. ஒரு சபை முழுவதும் மூச்சடக்கியிருப்பது மட்டும் உண்டு. அந்நொடியைக் கூடத்தில் எவரும் செய்து வைத்திருக்க இயலாது.

வரும் வைகாசியில், தம் ஊர்க் கோயிலில் குளிர்த்தி நடைபெறும் இரவைத் தொடக்கம் முதல் முடிவுவரை பதிவதாக எமது மாணவர் மூவர் பொறுப்பேற்றுள்ளனர். கைப்பேசியை வைப்பதற்கு முக்காலி ஒன்றும், இரவெல்லாம் மின்னூட்டம் தீராதிருக்க வேண்டிய கருவி ஒன்றும் தேடிக்கொண்டிருக்கின்றனர். அண்ணாவியாரின் பேரனும் அவர்களுள் ஒருவன்.